காலையில் வரும் சாவுச் சேதி

கள்ளக்குறிச்சி
14.07.2025

மதிப்புக்குரிய கண்ணாயிரம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் லிடியா. சனிக்கிழமை கூட்டத்தில் உங்களுக்கு இடதுபக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பெண். நினைவு வராவிட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் நான் யாரென்று முதலில் சொல்லிவிடுவேன்.

மறதி நோயைப் பற்றி நம் மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கப் போகிறது. எதை ஆராய வேண்டும் என்று டாக்டர்கள் மட்டும் முடிவு செய்தால் போதாது, மறதியோடு வாழ்கிறவர்களையே கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டம். உங்களைப் போல எட்டுப் பேர் வந்தார்கள். நீங்கள் அங்கே நோயாளியாக வரவில்லை. எங்களுக்கு யோசனை சொல்ல வந்தீர்கள்.

நீங்கள் பேசியதை உங்கள் வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"பஸ்ல ஏறிட்டா எங்க எறங்கணும்னு தெரியல. கண்டக்டர கேக்க வெக்கமா இருக்குது."

"டாக்டரு என் மூஞ்சிய பாத்துப் பேசணும். எப்பவும் என் பொண்டாட்டி மூஞ்சிய பாத்துக்கினே பேசறாரு."

"எங்ககிட்ட ஒம்போது ஜோடி மாடு இருந்துச்சு. செவலை, மயிலை, கருப்பன், சின்னராசு. எல்லாத்துக்கும் பேரு தெரியும் எனக்கு."

மாடுகளின் பெயரை நீங்கள் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

இவை சரிதானா ஐயா? எதையாவது எடுக்க வேண்டுமா, சேர்க்க வேண்டுமா? நீங்கள் சரி என்று சொல்லும்வரை இந்தத் தாள் டாக்டர்களிடம் போகாது. பதில் எழுத உறை வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டியாயிற்று.

மரியாதையுடன்,
லிடியா


களமருதூர்
19.07.2025

லிடியா பொண்ணுக்கு,

கண்ணாயிரம் எழுதுவது. பேர் அவருடையது, கை என்னுடையது. நான் அவர் மனைவி பச்சையம்மாள். வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதினால் தோஷமில்லை என்று நினைக்கிறேன். ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது யார், என்றைக்கு, அன்று நான் என்ன பாவாடை கட்டியிருந்தேன் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீ அனுப்பிய தாளில் தப்பு ஜாஸ்தி. எங்களிடம் ஒன்பது ஜோடி மாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூன்று ஜோடி. அதில் ஒரு ஜோடி என் தாய்வீட்டுச் சீர். செவலை, மயிலை, கருப்பன் சரி. சின்னராசு மாடு இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், காதில் விழுந்தால் வருத்தப்படுவார்.

பஸ்ஸில் இடம் தெரியாமல் போனது ஒரே தடவை, சித்திரையில். அதுவும் கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லாமல் தூங்கிவிட்டான். டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மாத்திரை கொடுக்கிறவள் நான். இவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் மாத்திரை தானாக வாய்க்குள் போகுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்துநாலு வருஷம் இவரோடு குடித்தனம் பண்ணியவளை நீ வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாய். சர்க்கரை போடாத டீ கொடுத்தாய். நான் ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து "ஒம்போது இல்லம்மா, மூணு" என்றேன். உடனே எழுந்து வந்து என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாய். சிரித்துக்கொண்டேதான் விட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அவருக்கு ஞாபகம் தப்புகிறது என்பது உண்மை. அதற்காக நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் காபி கொடுக்கும்போது பழைய விஷயம் எடுத்துச் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தப்பையெல்லாம் திருத்தி வேறு தாள் எழுது.

இப்படிக்கு,
கண்ணாயிரம்
(எழுதியது பச்சையம்மாள்)


கள்ளக்குறிச்சி
24.07.2025

அன்புள்ள பச்சையம்மாள் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சின்னராசு ஐயாவை மாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எடுக்கவில்லை. காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது கோர்ட்டு இல்லை அம்மா. எத்தனை ஜோடி மாடு என்பது எங்களுக்கு வேண்டாம். மாடுகளைப் பற்றிப் பேசும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அதுதான் எங்களுக்கு வேண்டியது. பக்கத்தில் யாராவது திருத்தினால் மறதி வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மற்ற ஊர்களிலும் சேர்த்து நான்கு கூட்டம் நடத்தி இதைக் கண்டுகொண்டோம். அதனால்தான் வீட்டாரை வெளியே உட்கார வைக்கிறோம். உங்களுக்கு அது அவமானமாகப் போயிற்று என்று புரிகிறது. மன்னித்துவிடுங்கள். டீ விஷயம் என் தவறேதான். நிறையப் பேருக்குச் சர்க்கரை நோய் என்பதால் எல்லோருக்குமே போடாமல் விட்டுவிட்டோம்.

ஒரு உதவி வேண்டும். அவர் பேருக்கு வரும் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்கிற பதிலை, தப்பாகவே இருந்தாலும், அப்படியே எழுதி அனுப்புங்கள்.

ஆகஸ்ட் கூட்டம் வெள்ளிமலையில். மலைக்காரர்கள் மூன்று பேரால் கீழே இறங்கி வர முடியவில்லை. அதனால் நாம் ஏறிப் போகிறோம். ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வரும்.

அன்புடன்,
லிடியா


கள்ளக்குறிச்சி
11.08.2025

மதிப்புக்குரிய கண்ணாயிரம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் லிடியா. மறதி ஆராய்ச்சிக்கு யோசனை சொல்லும் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவள். சனிக்கிழமை நாம் வெள்ளிமலைக்குப் போயிருந்தோம்.

அன்று எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். டாக்டர்கள் எதைக் கண்டுபிடித்துச் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும்? ஒருவர் ஊசி வேண்டும் என்றார். ஒருவர், பெற்ற பிள்ளை பேர் எப்படி மறக்கும் என்று கேட்டார். உங்கள் முறை வந்தபோது நீங்கள் சொன்னது இது:

"தெனமும் காலையில எங்க வூட்டுக்கு ஒரு சாவு சேதி வருது. காபி குடிக்கும்போது வருது. யாரோ செத்துட்டாங்க. அதுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். யாரு, இன்னா தப்புன்னு மத்தியானத்துக்குள்ள மறந்துடுது. அழுத மாதிரி மட்டும் இருக்குது. தெனமும் எதுக்கு சாவறாங்கன்னு பாருங்க."

பிறகு கருணாபுரத்து ஆண்டாள் அம்மா, "எங்க வூட்டுக்கும் வருதுங்க" என்றார். அவருடைய மகன் போன வருஷம் ஆனியில், ஊரில் பலரைக் கொன்ற அந்த விஷச் சாராயத்தில் இறந்துபோனார். அம்மாவுக்கு அது ஞாபகத்தில் நிற்பதில்லை. மகன் எங்கே என்று தினமும் கேட்கிறார், தினமும் யாராவது சொல்கிறார்கள். "எனக்கு தெனமும் புதுசா சாவறான்" என்றார்.

மறந்துபோகிறவரிடம் ஒரு சாவை எத்தனை தடவை சொல்லலாம்? சொல்லாமல் விட்டால் அது ஏமாற்றுவதா? ஆராய்ச்சியின் முதல் கேள்வியாக இதை வைக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். எடுத்துக்கொடுத்தவர் நீங்கள். அதனால் உங்கள் சம்மதம் வேண்டும். நீங்கள் சொன்ன வார்த்தைகளோடு இதை எழுதலாமா?

மரியாதையுடன்,
லிடியா


களமருதூர்
16.08.2025

லிடியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் புத்தி தடுமாறிச் சொன்னது. எங்கள் வீட்டில் எந்தச் சாவும் இல்லை. எங்கள் மகன் இளவரசன் சேலத்தில் நன்றாக இருக்கிறான். பேத்தி சுபஸ்ரீக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. நல்ல வீட்டில் உட்கார்ந்து சாவு சாவு என்று எழுதி அனுப்புகிறாய்.

அதை அடித்துவிடு. அடித்துவிட்டேன் என்று பதில் எழுது. இனிமேல் அவர் கூட்டத்துக்கு வர மாட்டார். மலை ஏற்றத்தில் எனக்கு இரண்டு தடவை வாந்தி. நீங்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து என் வீட்டு விஷயத்தைப் பேசினீர்கள். நான் வெளியே ஒரு பலாமரத்தடியில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பச்சையம்மாள்


கள்ளக்குறிச்சி
22.08.2025

அன்புள்ள பச்சையம்மாள் அம்மாவுக்கு,

அந்த வரிகளை நான் அடிக்கவில்லை. என்னால் முடியாது. அவர் சொன்னதை அவர்தான் எடுக்கலாம். நீங்கள் எடுக்கக் கூடாது, நானும் கூடாது. அவரிடம் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே கிழித்துவிடுகிறேன். அக்டோபர் பதினொன்றாம் தேதி கூட்டத்தில் கேள்விகளை முடிவு செய்கிறோம். அதுவரைக்கும் காத்திருப்பேன். நடுவில் செப்டம்பர் கூட்டத்திலும் அவருடைய நாற்காலி இருக்கும்.

அந்தச் சேதியை யார் கொண்டுவருகிறார்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் கூட்டத்துக்கு வந்தபோது ஆண்டாள் அம்மா என்னிடம், "சரத்து வந்துட்டானா?" என்று கேட்டார். சரத்குமார் அவருடைய மகன். மறதி வந்தவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "இல்லம்மா, அவரு போன வருஷம் இறந்துட்டாரும்மா" என்றேன். அந்த அம்மா போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. அரை மணி நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி, "சரத்து வந்துட்டானா?" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஐயாவின் கேள்வியை விட மனமில்லை.

அன்புடன்,
லிடியா


களமருதூர்
17.09.2025

லிடியா பொண்ணுக்கு,

போன சனிக்கிழமை கூட்டத்துக்கு அவரை அனுப்பவில்லை. நீ நாற்காலி போட்டு வைத்திருப்பாய் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். அவர் தூங்கும்போது எழுதுவேன், விழித்தால் மடித்து இடுப்பில் சொருகிக்கொள்வேன்.

சேதி கொண்டுவருவது நான்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், தை மாதம், ஒரு சனிக்கிழமை. எங்கள் கரும்புக்கு மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து மூன்றாம் நாள். வெட்டு ஆள் பதினாலு பேர் கரும்புக் கொல்லையில் இருந்தார்கள். மூன்று வேளையும் என் கைச் சோறு. அன்று காலை என் தாய்வீட்டிலிருந்து ஆள் வந்தான். வெள்ளிமலைக்கு ஏறும் பாதை இருக்கிறதே, அதற்கு அடிவாரத்தில்தான் என் தாய்வீடு. என் அம்மா போய்விட்டாள் என்று சொல்ல வந்தவன் வீட்டுக்கு வராமல் நேராகக் கொல்லைக்குப் போய்விட்டான். இவர் அவனிடம், "நீ முன்னாடி போ, நாங்க பின்னாடியே வரோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்தார். இலையில் உட்கார்ந்து, "குழம்புல உப்பு கம்மி" என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி லாரி கிளம்பிய பிறகு சொன்னார்.

நான் போய் இறங்கியபோது புதைத்த மேட்டு மண் காய்ந்திருந்தது. பெற்ற மகள் போடாமலே ஊரார் வாய்க்கரிசி போட்டு மூடிவிட்டார்கள். என் அண்ணி வாசலில் நின்று, "இன்னா பச்ச, கரும்பு எல்லாம் வெட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "லாரி நின்னுக்கினு இருந்துச்சு. நீ போயிட்டா பதினாலு பேருக்கு யாரு ஆக்கிப் போடறது?" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் விடவில்லை. எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அங்கே கொண்டுபோய்த்தான் முடிப்பேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன வருஷம் மாசியில் ஒரு நாள் காலை, காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "உங்கம்மா எப்படி இருக்குறாங்க? பாத்து நாளாச்சே, ஒரு நட போயிட்டு வரலாமா?" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. நின்ற இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பதினாலு பேர், குழம்பு, ஒன்று விடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செத்துட்டாங்களா? நானா மறைச்சேன்? நானா பச்ச?" என்று கேட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "என்ன மன்னிச்சிடு பச்ச, நான் பாவி" என்றார்.

உனக்கு வயசு கம்மி, உனக்கு இது புரியுமோ புரியாதோ. முப்பத்துமூன்று வருஷம் நான் காத்திருந்த சொல் அது. கேட்டதும் என் வயிறு குளிர்ந்தது.

மறுநாள் காலை அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நேற்று கேட்ட மன்னிப்பு நேற்றோடு போய்விட்டது. எனக்குக் கொடுத்த ஒன்றைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அதனால் மறுபடி சொன்னேன். மறுபடி அழுதார். அப்படியே பழக்கமாகிவிட்டது. மகன் போனில் கேட்டால், அப்பாவுக்கு ஞாபகப் பயிற்சி கொடுக்கிறேன் என்பேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் அவர் சரியாக அழவில்லை என்று இரண்டாம் தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன், லிடியா.

இத்தனை காலையில் ஒரு தடவையாவது "சரி, போகட்டும் விடுங்க" என்று நான் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விடுவேன்.

வெள்ளிமலைக்கு வந்த அன்று இரண்டு தடவை சொன்னேன். விடியற்காலையில் வீட்டில் ஒரு தடவை. வேன் என் தாய்வீட்டு ஊரைத் தாண்டும்போது, புதைத்த இடத்தைக் கை காட்டி இன்னொரு தடவை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த உனக்குக் கேட்கக் கூடாது என்று அவர் காதோடு சொன்னேன். அந்த ஈரத்தோடுதான் அவர் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பேருக்கு நீ எழுதிய கடிதத்தை அவரிடம் நான் படித்துக் காட்டவில்லை. மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் ஆவணி பிறந்த நாளிலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகவில்லை. காலையில் காபியை நீட்டினால் கையை இழுத்துக்கொள்கிறார். வாசலைப் பார்க்கிறார். அவருக்கு அம்மாவும் தெரியவில்லை, கரும்பும் தெரியவில்லை. ஆனால் ஏதோ வரப் போகிறது என்று மட்டும் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலங்க. குடிங்க."

"சேதி எதுனா?"

"ஒன்னும் இல்ல."

"இல்ல பச்ச. இருக்குது. நீ மறைக்கிற."

முப்பத்துநாலு வருஷம் நான் அவரைக் கேட்ட கேள்வியை இப்போது அவர் என்னைக் கேட்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இதற்கு என்ன மருந்து என்று உங்கள் டாக்டரைக் கேட்டு எழுது. எனக்கு இல்லை, அவருக்கு.

பச்சையம்மாள்


கள்ளக்குறிச்சி
25.09.2025

அன்புள்ள பச்சையம்மாள் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். வேண்டும் என்றால் திருப்பி அனுப்புகிறேன்.

பேர் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். நடந்தது மறந்துபோனாலும் அதனால் வந்த பயம் சில பேருக்கு நிற்கும் என்றார். இதற்கு மாத்திரை இல்லையாம். காபி கொடுக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள், கூடவே உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள் என்றார். எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டதற்கு, தெரியாது என்றுதான் சொன்னார்.

பரவாயில்லை அம்மா, விடுங்கள் என்று உங்களுக்கு எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் உங்களுக்கே பிடிக்காது. அதைச் சொல்ல வேண்டியவள் நானும் இல்லை.

ஆகஸ்ட் கடிதம் இன்னும் அவருடையதுதான். டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து அவரிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்பாரோ, வேண்டும் என்பாரோ, அவர் சொல்லட்டும். பதினொன்றாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

அன்புடன்,
லிடியா


களமருதூர்
06.10.2025

லிடியா பொண்ணுக்கு,

நேற்று மத்தியானம் படித்துக் காட்டினேன். மத்தியானத்தில்தான் அவர் கொஞ்சம் தெளிவாக இருப்பார். மோட்டார் கொட்டகை நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தேன். நீ யார் என்பதிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தேன். அவர் வார்த்தை வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"இத யாரு சொன்னது?" என்றார்.

"நீங்கதான். வெள்ளிமலையில வச்சு சொன்னீங்களாம்."

"நானா? நல்லாத்தான் சொல்லியிருக்குறேன்." சிரித்தார்.

"இத எடுத்துடட்டுமா, இருக்கட்டுமான்னு அந்தப் பொண்ணு கேக்குது."

"எதுக்கு எடுக்கணும்? அது இன்னா பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்ப இருக்கட்டும்." தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "சேதிய யாரு கொண்டாறாங்கன்னு இதுல எழுதலையே?"

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அந்த ஆளையும் கேக்கச் சொல்லு. எங்களையே கேட்டுக்கினு இருந்தா எப்படி? தெனமும் ஒரு சாவ தூக்கிக்கினு இன்னொருத்தர் வூட்டுக்கு வரணும்னா, அந்த ஆளுக்கு இன்னா கஷ்டமோ, பாவம். இதையும் சேத்து எழுது."

சேர்த்து எழுதிவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. தாளில் அவரே கையெழுத்தும் போட்டார். கண்ணா என்பது வரைக்கும் போட்டுவிட்டு, போதும் என்றார். உங்களுக்கு அது போதுமா என்று பார்த்துக்கொள்.

அவர் பாவம் என்று சொன்னபோது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. மன்னிச்சிடுங்க என்று கேட்டால் அந்த நிமிஷமே மன்னித்துவிடுவார், எனக்குத் தெரியும். ஆனால் என்ன தப்பு என்று சொல்லாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? சொன்னால் என் அம்மா மறுபடி சாவாள், அவர் மறுபடி அழுவார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். அதற்கும் அதே சேதியைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. அதனால் விழுங்கிவிட்டேன். இனி என் வாயிலிருந்து அது வராது. எனக்குத்தான் மறக்காது, நான் வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சேதி கொண்டுவருகிற ஆளைக் கேட்க வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்தால் என்னைக் கேட்கட்டும். அவர் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்கட்டும். ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

காபியை இப்போது கொல்லைப் பக்கம் உட்கார வைத்து, குளித்த பிறகு கொடுக்கிறேன். நானும் கூட உட்கார்ந்து குடிக்கிறேன். இன்று காலையும், "சேதி எதுனா?" என்றார்.

"இல்லங்க."

"நெஜமா?"

"நெஜமா."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நானும் முகத்தைத் திருப்பவில்லை. பாதிக் காபி குடித்தார். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், ஆறிப்போகும்வரை.

இப்படிக்கு,
பச்சையம்மாள்